செவிநரம்புக் கட்டி: எந்த வழியில் எவ்வளவு செவி மிஞ்சும்?

எம்.ஆர்.ஐ. அறிக்கையில் 'அகூஸ்டிக் நியூரோமா' என்று எழுதி வந்தவுடன் குடும்பத்தார் கேட்கும் முதல் கேள்வி உயிரைப் பற்றியதாகவே இருக்கும். இது புற்றுநோய் அன்று, வளர்ந்தாலும் பெரும்பாலும் ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீட்டர் அளவில்தான் வளரும், வளராமலே பல ஆண்டுகள் இருப்பதும் உண்டு என்று மருத்துவர் விளக்கி முடித்ததும் அடுத்த கேள்வி வரும்: "ஆபரேஷன் பண்ணினா இந்தக் காது கேக்குமா மேடம்?" மதுரையில் செவித்திறன் பரிசோதனை செய்வதைத் தொழிலாகக் கொண்டவள் என்ற முறையில் இந்தக் கேள்வியை ஆடியோகிராம் தாளும் கையுமாக எதிர்கொள்ள வேண்டியிருப்பதால், இதற்குரிய விடையை உறுதியாகத் தெரிந்த அளவுக்கு ஒப்பிட்டு எழுதுகிறேன். அறுவையை முடிவு செய்வது நான் அல்லள். அதை நரம்பியல் அறுவை மருத்துவரும் காது மூக்கு தொண்டை மருத்துவரும் நோயாளியும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் அந்த அறைக்குள் நுழையும் முன், எதை எதனோடு ஒப்பிட வேண்டும் என்பது தெரிந்திருப்பது நல்லது.

கட்டி எழும் இடமே சிக்கலின் வேர். காதையும் மூளைத்தண்டையும் இணைக்கும் எட்டாவது மண்டை நரம்பில் கேட்கும் இழைகளும் சமநிலைக்கான இழைகளும் உள்ளன. கட்டி பெரும்பாலும் சமநிலை நரம்பின் உறையிலுள்ள ஷ்வான் செல்களிலிருந்து தொடங்குகிறது. அதனால்தான் மருத்துவ ஏடுகள் இதை 'வெஸ்டிபுலர் ஷ்வான்னோமா' என்கின்றன. உட்செவிக் குழாய் எனப்படும் குறுகிய எலும்புக் குழாய்க்குள் சமநிலை நரம்பின் இரு கிளைகள், கேள் நரம்பு, முகத்தசைகளை இயக்கும் ஏழாவது நரம்பு ஆகியவை நெருங்கிச் செல்கின்றன. உட்செவிக்கு இரத்தம் கொண்டுசெல்லும் மெல்லிய தமனியும் அவற்றுடனேயே செல்கிறது. அதற்கு மாற்றுப் பாதை கிடையாது. ஆகவே நரம்பை அறுக்காமல் கட்டியை முழுமையாக எடுத்துவிட்டாலும், அந்தத் தமனி சுருங்கியோ அடைத்தோ போனால் காது அந்த நேரத்திலேயே செவிடாகிவிடும். "நரம்பைக் காப்பாற்றிவிட்டோம்" என்பதும் "கேட்கும் திறனைக் காப்பாற்றிவிட்டோம்" என்பதும் வேறு வேறு செய்திகள். அறுவைக்குப் பின் எந்தச் செய்தி சொல்லப்பட்டது என்பதைக் கவனித்துக் கேட்க வேண்டும்.

காப்பாற்றுவதற்கு என்ன மிஞ்சியிருக்கிறது?

வழிகளை ஒப்பிடும் முன் முடிக்க வேண்டிய கணக்கு இதுதான். பல குடும்பங்கள் இதைத் தாண்டி நேரே "எந்த ஆஸ்பத்திரி" என்ற கேள்விக்குப் போய்விடுகின்றன.

ஆடியோகிராம் இரண்டு விஷயங்களைத் தரும். எவ்வளவு மெல்லிய ஒலி கேட்கிறது என்பதை டெசிபெல்லில் சொல்வது ஒன்று; கேட்ட சொல்லில் எவ்வளவு புரிகிறது என்பதை விழுக்காட்டில் சொல்வது மற்றொன்று. இந்தக் கட்டியைப் பொறுத்தவரை இரண்டாவதுதான் அதிகம் பேசும். ஒலி புகாத அறைக்குள் ஹெட்ஃபோனை மாட்டி, கெட்ட காதில் மட்டும் ஒலிக்குமாறு, நல்ல காதில் இரைச்சலை நிரப்பி, 25 சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறோம். 'கல்' என்று சொன்னால் 'பல்' என்றும், 'மண்' என்று சொன்னால் 'கண்' என்றும் திரும்ப வரும். நோயாளிக்குத் தாம் தவறாகச் சொல்கிறோம் என்பதே தெரியாது, ஏனெனில் ஒலி அவருக்குப் போதுமான சத்தத்தில்தான் கேட்கிறது. ஒரு சொல் தவறினால் 4 விழுக்காடு குறையும். டெசிபெல் கோடு ஓரளவு நன்றாக இருந்தும் பாதிச் சொற்கள் தவறுகின்றன என்றால், அந்த இடைவெளியே நரம்பின் மீது எதுவோ அழுத்துகிறது என்பதற்கான குறிப்பு.

உலகெங்கும் பயன்படும் அளவுகோலின்படி, சராசரி 30 டெசிபெல்லுக்குள்ளும் சொல் புரிதல் 70 விழுக்காட்டுக்குக் குறையாமலும் இருந்தால் அது முதல்தர நிலை. 50 டெசிபெல்லுக்குள்ளும் 50 விழுக்காட்டுக்குக் குறையாமலும் இருந்தால் பயனுள்ள செவி. அதற்குக் கீழே போன காதுக்கு, செவியைக் காக்கும் அறுவை என்ற பெயரில் கூடுதல் ஆபத்தை ஏற்பது பொதுவாகப் பொருளற்றது. காது மருத்துவர்கள் சிலர் இதைச் சொல்லத் தயங்குவார்கள். 40 விழுக்காடு புரியும் காதில் ஹியரிங் எய்டு வைத்தால் புரியாத சொற்களே சத்தமாகக் கேட்கும்; ஒலியைப் பெருக்கலாம், தெளிவைப் பெருக்க முடியாது.

இந்த எல்லைக்கோட்டை ஒருவர் மீது அப்படியே வைத்துவிடவும் கூடாது, ஏனெனில் மறு காதின் நிலை அதை மாற்றிவிடும். செல்லூர்ப் பகுதியில் விசைத்தறிகளுக்கு நடுவே இருபது முப்பது ஆண்டுகள் நின்ற ஒருவரை எண்ணிப் பாருங்கள். தறி இரைச்சலால் அவருக்கு இரண்டு காதுகளிலும் உயர் அலைவரிசை ஒலிகளைக் கேட்கும் திறன் ஏற்கெனவே குறைந்திருக்கும். கட்டி இல்லாத காதே 45 டெசிபெல்லில் நிற்கும்போது, கட்டியுள்ள காதில் மிஞ்சிய 55 விழுக்காடு அவருக்கு அருமையான சொத்து. மாறாக, மறு காது முழு நலத்துடன் உள்ள 35 வயது ஆசிரியைக்கு அதே 55 விழுக்காடு வகுப்பறையில் பெரிதாக உதவுவதில்லை. ஆகவே இரண்டு காதுகளின் அறிக்கையையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்காமல் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. இரு பக்கமும் கட்டி வரும் நியூரோஃபைப்ரோமடோசிஸ் இரண்டாம் வகை 22-ஆவது குரோமோசோமிலுள்ள மரபணுக் கோளாறால் வருவது. அதன் கணக்கு முற்றிலும் தனி; இங்கே சொல்லும் ஒப்பீடுகள் அவர்களுக்குப் பொருந்தா.

கட்டியின் அளவும் இடமும் அடுத்து வருபவை. குழாய்க்குள்ளேயே அடங்கியது, வெளியே வந்தும் மூளைத்தண்டைத் தொடாதது, தொடுவது, தள்ளுவது என்று நான்கு படிகளாகப் பிரிப்பார்கள். 1.5 சென்டிமீட்டரைத் தாண்டினால் அறுவையில் செவியைக் காக்கும் வாய்ப்பு விரைவாகச் சரிகிறது. 3 சென்டிமீட்டரை நெருங்கி மூளைத்தண்டைத் தள்ளத் தொடங்கிவிட்டால் பேச்சு செவியிலிருந்து உயிருக்கும் முகநரம்புக்கும் மாறிவிடுகிறது. எம்.ஆர்.ஐ. படத்தில் இன்னொன்றையும் மருத்துவரிடம் காட்டச் சொல்லிப் பார்க்கலாம்: குழாயின் கடைக்கோடியில், கட்டிக்கும் உட்செவிக்கும் இடையே, வெண்மையாக ஒரு நீர்த்திட்டு தெரிகிறதா என்பது. அது தெரிந்தால் கட்டி கடைக்கோடி வரை இறுகவில்லை என்று பொருள். செவியைக் காக்கும் வாய்ப்பு கூடுகிறது. இந்த விவரம் சி.டி. ஸ்கேனில் கிடைக்காது. சிறு கட்டிகளை சி.டி. தவறவிடும் என்பதால், "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்க" என்று வருபவர்களிடம் எந்த ஸ்கேன் என்று முதலில் கேட்க வேண்டியிருக்கிறது.

காத்திருந்து கண்காணித்தல்

சிறிய கட்டிக்கு இது ஒரு முறையான சிகிச்சை வழி. "ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டார்கள்" என்று உறவினர்கள் குறைப்படுவது இதன் மீதுதான். உண்மையில் இதற்கு ஒழுங்கு அதிகம் தேவை. முதல் ஸ்கேனுக்கு ஏறத்தாழ ஆறு மாதத்தில் மறு ஸ்கேன், பிறகு ஐந்து ஆண்டுகள் வரை ஆண்டுக்கொரு முறை, அதன் பின் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகலாம். ஒவ்வொரு ஸ்கேனுடனும் ஆடியோகிராம், அதில் சொல் புரிதலும். முதல் சில ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிக் கட்டிகள் வரை வளர்கின்றன; மற்றவை அப்படியே நிற்கின்றன, சில சுருங்கவும் செய்கின்றன.

ஆனால் கட்டி நின்றுவிட்டது என்பதால் காதும் நின்றுவிடும் என்று எண்ணக் கூடாது. வளராத கட்டியுள்ளவர்களுக்கும் கேட்கும் திறன் மெல்லத் தேய்வது நன்கு பதிவான செய்தி. நரம்பியல் அறுவை மருத்துவர்களின் அமெரிக்க அமைப்பு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பயனுள்ள செவியோடு காத்திருப்பைத் தொடங்குபவர்களில் 2 ஆண்டில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டோரிடமும், 5 ஆண்டில் பாதி முதல் முக்கால் பங்கினரிடமும், 10 ஆண்டில் கால் முதல் பாதிப் பங்கினரிடமும் அது மிஞ்சும் என்று கூறுகிறது. தொடக்கத்தில் எல்லாச் சொற்களையும் பிழையின்றிச் சொல்பவர்கள் இந்தச் சராசரியை விட நன்றாகவே தாக்குப்பிடிக்கிறார்கள். ஒரு சில சொற்களே தவறினாலும் அவர்களின் பாதை சற்று வேறாகிறது.

கதிர் சிகிச்சை

ஒரே அமர்வில் கட்டியின் மீது மட்டும் கதிர்களைக் குவிக்கும் முறை இது. காமா நைஃப் கருவியை உருவாக்கிய லார்ஸ் லெக்செல் 1969-இலேயே ஸ்டாக்ஹோமில் இக்கட்டிக்கு இதைப் பயன்படுத்தினார். அந்தக் கால அளவுகள் முகநரம்பையும் செவியையும் அதிகம் பாதித்தன. பின்னர் கட்டியின் ஓரத்தில் 12 முதல் 13 கிரே (கிரே என்பது கதிரளவின் அலகு) என்ற அளவுக்கு இறங்கிய பிறகு முக வாதம் அரிதாகிவிட்டது. உட்செவியில் ஒலியை உணரும் சுருளான காக்ளியாவுக்குச் சேரும் சராசரி அளவு 4 கிரேயைத் தாண்டாமல் திட்டமிட்டால் செவி நீடிக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதால், "காக்ளியாவுக்கு எத்தனை கிரே போகும்?" என்ற ஒரு கேள்வியைக் கதிர் மருத்துவரிடம் கேட்டு விடையை எழுதி வாங்கிக்கொள்வது தகும். லீனியர் ஆக்சிலரேட்டர் என்ற கதிர்க் கருவி கொண்டு ஐந்து தவணையாகவோ, ஐந்தாறு வாரங்களுக்குச் சிறு சிறு அளவாகவோ கொடுக்கும் முறைகளும் உண்டு.

இங்கே 'கட்டுப்பாடு' என்றால் கட்டி மறைவது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வளர்ச்சி நிற்பதே அதன் பொருள், அது நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் கிடைக்கிறது. சிகிச்சைக்குப் பின் ஆறு மாதம் முதல் ஒன்றரை ஆண்டுக்குள் கட்டி தற்காலிகமாக வீங்கித் தெரியலாம். அதைப் பார்த்து அவசரப்பட்டு அறுவைக்கு ஓடுவது தவறு. செவியைப் பொறுத்தவரை அதே வழிகாட்டுதல் 2 ஆண்டிலும் 5 ஆண்டிலும் பாதி முதல் முக்கால் பங்கினருக்கும், 10 ஆண்டில் கால் முதல் பாதிப் பங்கினருக்கும் அது மிஞ்சும் என்கிறது. காத்திருப்பின் எண்களோடு ஒட்டிப் பார்த்தால், முதல் இரண்டு ஆண்டில் காத்திருப்பு முந்துகிறது, பத்தாம் ஆண்டில் இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. நார்வே நாட்டின் பெர்கன் நகரத்து மருத்துவர்கள் 100 பேரைச் சீட்டுப்போட்டுப் பிரித்துச் செய்து 2023-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே உறுதி செய்தது: உடனே கதிர் பெற்றவர்களின் கட்டி நான்கு ஆண்டில் சிறுத்திருந்தது, ஆனால் இரு பிரிவினருக்கும் செவியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

ஆகவே, செவியைக் காப்பதற்காகவே, வளராத சிறு கட்டிக்கு இன்றே கதிர் கொடுங்கள் என்று ஒருவர் வற்புறுத்தினால், அதற்கு இந்த எண்கள் துணை நிற்கவில்லை. வளர்கிறது என்று இரண்டு ஸ்கேன்கள் காட்டிய பிறகு கதிரைத் தேர்வது வேறு. அதற்கு நல்ல நியாயம் உண்டு. கதிருக்குப் பிறகும் கட்டி வளர்ந்து அறுவை தேவைப்பட்டால், ஒட்டுதல் காரணமாக முகநரம்பைப் பிரிப்பது கடினமாகும் என்பதையும் இளவயதினர் கணக்கில் கொள்ள வேண்டும்.

அறுவை: மூன்று பாதைகள்

அறுவையின் கணக்கு மற்ற இரண்டிலிருந்தும் வடிவத்திலேயே மாறுபட்டது. காத்திருப்பிலும் கதிரிலும் செவி ஆண்டுக்கணக்கில் தேய்கிறது. அறுவையில் ஒரே பகலில் முடிவு தெரிந்துவிடும்: மாலையில் மயக்கம் தெளியும்போது அந்தக் காதில் ஃபோனை வைத்துப் பார்த்தால் கேட்கும் அல்லது கேட்காது. தப்பிய செவி பலருக்குப் பல ஆண்டுகள் நிலைத்து நிற்கிறது என்பதே அறுவையின் பக்கம் உள்ள வலுவான வாதம். சிலருக்கு அதுவும் பின்னாளில் குறைகிறது. பயனுள்ள செவியுள்ள எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் அறுவைக்குப் பின் உடனடியாக அது மிஞ்சுவது கால் முதல் பாதிப் பங்கினருக்கே. முதல்தர நிலையில் உள்ள சிறு கட்டியினரை மட்டும் தனியே எடுத்தால் பாதி முதல் முக்கால் பங்கினருக்கு.

பாதைகளில் ஒன்று செவியை விட்டுக்கொடுத்தே தொடங்குகிறது. டிரான்ஸ்லாபிரிந்தைன் எனப்படும் அந்தப் பாதையை 1960-களில் அமெரிக்காவின் வில்லியம் ஹவுஸ் நிலைநிறுத்தினார். காதுக்குப் பின்னுள்ள எலும்பு வழியாக, உட்செவியின் அரைவட்டக் குழாய்களைக் குடைந்து எடுத்தே கட்டியை அடைகிறார்கள் என்பதால் கேட்கும் திறன் நிச்சயமாகப் போய்விடும். ஈடாகக் கிடைப்பது, சிறுமூளையை ஒதுக்கும் தேவை குறைவதும் முகநரம்பை அதன் வெளிமுனையிலேயே தெளிவாக அடையாளம் காண்பதும். பயனுள்ள செவி ஏற்கெனவே போனவருக்கு இது குறையாத தேர்வு. "காதை அழிக்கிற ஆபரேஷன்" என்று பெயர் கேட்டே மிரள வேண்டியதில்லை.

செவியைக் காக்க முயலும் பாதைகள் இரண்டு. காதுக்குப் பின்னால் மண்டையோட்டில் சாளரம் போட்டு, சிறுமூளையை மெல்ல ஒதுக்கிச் செல்லும் ரெட்ரோசிக்மாய்டு பாதையே நம் நரம்பியல் அறுவை மருத்துவர்களுக்கு நன்கு பழகியது. சிறியது பெரியது எல்லாவற்றுக்கும் பொருந்தும். கட்டியின் உள்ளிருந்து பருமனைக் குறைத்து, பிறகு உட்செவிக் குழாயின் பின்சுவரை வைர முனைத் துளைப்பானால் நீரூற்றிக்கொண்டே தேய்த்துத் திறக்கிறார்கள். அந்தச் சுவரின் கடைசிச் சில மில்லிமீட்டருக்குப் பின்னால் உட்செவியின் அரைவட்டக் குழாய் இருக்கிறது. அதைத் திறந்துவிட்டால் காது போயிற்று. ஆகவே குழாயின் கடைக்கோடியில் உள்ள கட்டியைக் கண்ணால் நேரே பார்க்க முடியாமல் போவதே இந்தப் பாதையின் வரம்பு. மேலே சொன்ன நீர்த்திட்டு இங்கேதான் கைகொடுக்கிறது: கடைக்கோடி காலியாக இருந்தால் அங்கே போக வேண்டிய தேவையே இல்லை. அறுவைக்குப் பின் சிலருக்கு நீடிக்கும் தலைவலி இந்தப் பாதையோடு சேர்த்துச் சொல்லப்படும் குறை.

மற்றொன்று காதுக்கு மேலிருந்து, பொட்டுப்பகுதி மூளையை உயர்த்தி, குழாயின் கூரையைத் திறக்கும் மிடில் ஃபாசா பாதை. கடைக்கோடி வரை முழுதும் தெரியும் என்பதால், குழாய்க்குள் அடங்கிய சிறு கட்டிகளில் செவியைக் காப்பதில் இதுவே முன்னணியில் நிற்கிறது. ஆனால் முகநரம்பு கட்டிக்கு மேலாக, மருத்துவரின் கருவிக்கும் கட்டிக்கும் நடுவே வந்துவிடுகிறது. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு மூளை உறை மெலிந்து எலும்போடு ஒட்டியிருக்கும் என்பதால் பெரும்பாலோர் தவிர்க்கிறார்கள். இதில் தொடர்ந்து பழகிய கைகள் எங்குமே குறைவு. கட்டி சமநிலை நரம்பின் மேற்கிளையில் எழுந்ததாக இருந்தால் கேள் நரம்பு சற்று விலகியிருக்கும். கீழ்க்கிளையில் எழுந்தால் ஒட்டியே இருக்கும். காதில் நீர் செலுத்திச் செய்யும் கலோரிக் சோதனையும், ஒலி கொடுத்துத் தசையின் மறுமொழியை அளக்கும் வெம்ப் சோதனையும் எந்தக் கிளை என்பதை ஓரளவுக்கு ஊகிக்க உதவுகின்றன.

பாதை எதுவாயினும் கடைசி வேலை ஒன்றே. விரிந்து தட்டையாகி, நிறத்தால் கட்டியிலிருந்து பிரித்தறிய முடியாத கேள் நரம்பை அதிலிருந்து பிரிப்பது, நெய்து முடித்த துணியிலிருந்து ஓர் இழையை அறுக்காமல் உருவுவதற்கு ஒப்பான வேலை. உட்செவிக்குள் நுழையும் இடத்தில் அந்த நரம்பு நுண்ணிய இழைகளாகப் பிரிவதால், கட்டியை மூளைப்பக்கம் நோக்கி இழுத்தால் அவை அங்கே அறுந்துவிடும். அதனால் மூளைப்பக்கத்திலிருந்து காதுப்பக்கமாகப் பிரித்துச் செல்வதே மரபு. அறுவை நடக்கும் நேரம் முழுவதும் காதில் 'டிக் டிக்' என்று ஒலி கொடுத்து, மூளைத்தண்டின் மறுமொழி அலைகளைத் திரையில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஐந்தாவது அலை தள்ளிப் போகத் தொடங்கினால் மருத்துவர் கையை நிறுத்தி நரம்புக்கு இளைப்பாறுதல் தருவார். பல நூறு மறுமொழிகளைக் கூட்டிச் சராசரி எடுத்தால்தான் அந்த அலை தெளியும் என்பதால் எச்சரிக்கை சற்றுத் தாமதமாகவே வரும். நரம்பின் மீதே மின்முனையை வைத்து அளக்கும் முறை விரைவானது. இதில் என் தொழிலைச் சார்ந்த பக்கச்சாய்வு எனக்கு உண்டு. இருந்தாலும், அந்தத் திரையைப் பார்ப்பதற்கென்றே பயிற்சி பெற்ற ஒருவர் தியேட்டரில் இல்லாத இடத்தில் செவி காக்கும் அறுவை என்ற பேச்சை நான் ஏற்பதில்லை.

முதுகுத்தண்டு நீர் மூக்கு வழியாகவோ காயத்தின் வழியாகவோ கசிவது, அறுவைக்குப் பின் சில நாட்கள் கடுமையாகத் தலைசுற்றுவது, முக வாதம் ஆகியவை மூன்று பாதைகளுக்கும் பொதுவானவை. தலைசுற்றல் பயிற்சிகளால் பெரும்பாலும் சரியாகும். முக வாதத்தைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நல்ல மறு காது உள்ள ஒருவர், ஒரு பக்கச் செவியையும் முகத்தையும் தராசில் வைத்தால், என் கணிப்பில் முகமே கனமானது. ஒரு காது கேளாதவர் பேருந்தில் நல்ல காதைத் திருப்பி உட்கார்ந்து சமாளிப்பார். கண் மூடாமல் கருவிழி காய்ந்து புண்ணாவதும், சோறு ஒரு பக்கமாக ஒழுகுவதும், வெளியே முகம் காட்டக் கூசுவதும் அன்றாடம் தொடரும் துன்பங்கள். செவியைக் காப்பதற்காக முகநரம்பை ஆபத்தில் தள்ளும் திட்டம் எதுவாயினும் அதை நான் இரண்டாம் இடத்தில்தான் வைப்பேன்.

யாருக்கு எது

மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மொத்த வியாபாரம் செய்யும் 42 வயதுப் பெண்ணுக்கு, குழாய்க்குள் அடங்கிய 8 மில்லிமீட்டர் கட்டி, 25 சொற்களும் பிழையின்றிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பக்கமிருந்தும் விலை கூவும் இடத்தில் குரல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று அறிவது இரண்டு காதுகளின் வேலை. ஒன்று போனால் சத்தம் கேட்கும், திசை தெரியாது. இவருக்குக் காத்திருப்பே முதல் தேர்வு. கட்டி வளர்வது தெரிந்து, சொல் புரிதல் இன்னும் நன்றாக இருக்கும்போதே அறுவை என்ற பேச்சுக்கு இடமுண்டு; 20, 30 ஆண்டு வாழ்க்கை முன்னே இருப்பதால், அன்று ஏற்கும் பாதிக்குப் பாதி ஆபத்துக்கு அவரளவில் அர்த்தம் இருக்கிறது. புரிதல் பாதியாகக் குறைந்த பிறகு அந்த வாய்ப்பு கைநழுவியிருக்கும்.

68 வயதில், மேலூர்ப் பக்கத்து விவசாயிக்கு, 1.4 சென்டிமீட்டர் கட்டி, வளர்கிறது, 60 விழுக்காடு புரிகிறது என்றால், கதிரே பொருத்தம். பத்தாண்டுக் கணக்கில் செவி தேயும் என்பது அவருக்குப் பெரிய இழப்பு அன்று. தலையைத் திறப்பதே அவருக்குப் பெரிய சுமை. 30 வயதில் 3 சென்டிமீட்டர் கட்டியுடன் நடை தள்ளாடி வருபவருக்கு அறுவைதான். அங்கே முகநரம்பைக் காக்கக் கட்டியின் மெல்லிய படலத்தை நரம்பின் மீதே விட்டுவிட்டுக் கண்காணிப்பதைப் பல மருத்துவர்கள் இன்று விரும்புகிறார்கள்.

செவி போனால் அதோடு எல்லாம் முடிந்தது என்றும் இல்லை. கேளாத பக்கத்து ஒலியை நல்ல காதுக்குக் கொண்டுசேர்க்கும் கிராஸ் வகை ஹியரிங் எய்டும், எலும்பு வழியே ஒலியைக் கடத்தும் கருவியும் உள்ளன. திசை அறிவதை இவை மீட்டுத் தருவதில்லை. கேள் நரம்பு உயிருடன் காக்கப்பட்டிருந்தால், அதை மின்தூண்டலால் இயக்கும் காக்ளியர் இம்பிளாண்ட் கருவியை உட்செவியில் வைப்பது சில மையங்களில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன் காந்தம் பின்னாளைய எம்.ஆர்.ஐ. படத்தில் நிழல் வீழ்த்தும் என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். ஒரு யோசனை: அறுவைக்கு முன்பே, கெட்ட காதைப் பஞ்சால் அடைத்துக்கொண்டு சிம்மக்கல்லிலோ கோரிப்பாளையம் சிக்னலிலோ துணைக்கு ஒருவருடன் நடந்து பாருங்கள். எதை இழக்கப் போகிறோம், எதை ஏற்கெனவே இழந்துவிட்டோம் என்பது எந்த அறிக்கையையும் விடத் தெளிவாகும்.

எங்கே போவது என்ற கேள்விக்கு மருத்துவமனையின் பெயரை விடக் கையின் பழக்கமே விடை. 'பெரியாஸ்பத்திரி' என்று நாம் சொல்லும் அரசு இராசாசி மருத்துவமனையில் தொடங்கி, 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கிய வேலூர் சி.எம்.சி., காமா நைஃப் உள்ள பெங்களூரு நிம்ஹான்ஸ் வரை தேர்வுகள் ஓர் இரவுப் பயணத்துக்குள் உள்ளன. எங்கே போனாலும் கேட்க வேண்டியது ஒன்றே: இந்த அளவுக் கட்டியோடு, இந்த அளவு செவியோடு வந்தவர்களில் எத்தனை பேருக்கு இங்கே செவி மிஞ்சியது? பொதுவான வெற்றி விழுக்காடு நமக்குப் பயன்படாது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பெறலாம். குறிப்பிட்ட சிகிச்சையும் மருத்துவமனையும் அதில் அடங்குமா என்பதைத் தேதி குறிக்கும் முன்னரே காப்பீட்டுக் கவுண்டரில் எழுத்தில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

காத்திருப்பைத் தேர்ந்தவர்கள், அடுத்த ஸ்கேன் தேதி வரும் வரை பொறுக்கக் கூடாத சில குறிகள் உண்டு. முகத்தின் ஒரு பக்கம் மரத்தல், நடை தள்ளாட்டம் கூடுதல், காலையில் தலைவலியோடு வாந்தி ஆகியவை தென்பட்டால் அன்றே போக வேண்டும். கேட்டுக்கொண்டிருந்த காது திடீரென்று ஒரு நாளில் அடைத்தால், அதை அழுக்கு என்று எண்ணிச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிராமல் உடனே ஆடியோகிராம் எடுக்க வேண்டும். ஸ்டீராய்டு மருந்தைத் தாமதமின்றித் தொடங்கினால் அந்த இழப்பு சில நேரம் மீளும். இரண்டு வாரம் கடந்தபின் அதன் பயன் வெகுவாகக் குறைந்துவிடும். நீரிழிவு உள்ளவர்கள் அந்த மருந்தைத் தொடங்கும்போதே சர்க்கரை அளவை நாள்தோறும் பார்க்க ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். மருந்தால் காது திரும்பிவிட்டது என்பதற்காக அடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனைத் தள்ளிப்போடவும் கூடாது.